சிங்கப்பூரில் ரேடியேட்டருக்குத் தண்ணீரா, கூலண்டா? யோசிப்பதிலிருந்து மாற்றி முடிப்பதுவரை

என் மாமா தேக்காவில் கடைகளுக்குக் காய்கறி இறக்குகிறார். அவருடைய வேன் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் பத்து வருஷ உரிமச் சான்று) புதுப்பித்த வண்டி, வயசு பதினொன்று. அதன் ரேடியேட்டரில் பல வருஷமாக ஓடியது வெறும் குழாய்த் தண்ணீர். கேட்டால் ஒரே பதில்தான்: "இங்க என்ன பனியா கொட்டுது? எதுக்குப்பா ஆன்டிஃபிரீஸ்?" போன வருஷம் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. வொர்க்‌ஷாப்பில் பம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். உள்ளே சுழலும் இதழ்களின் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி தின்னப்பட்டிருந்தது, ஒன்றில் பாதியே மிச்சம். வடித்த தண்ணீர் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்தில் வந்தது, வாளியின் அடியில் செம்மண் போலத் துரு தங்கியது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "சரி, என்ன ஊத்தணும்னு நீயே சொல்லு" என்றார். அவருக்குச் சொன்னதும், அவர் வண்டிக்குச் செய்ததும்தான் இது.

முதலில் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள்

கூலண்டுக்கு 'ஆன்டிஃபிரீஸ்' என்று இன்னொரு பெயர் உண்டு, குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. உறையாமல் காப்பது என்றால் நமக்கு அது வேண்டியதே இல்லை. சிங்கப்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், பகலில் 32, 33. 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரியே பதிவானது. ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது உறையாமல் காக்கும் கிளைக்கால் மட்டும் இல்லை. அதோடு துருவைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. மொத்தத்தில் அவை சில சதவீதம்தான், ஆனால் நம் ஊரில் நாம் காசு கொடுப்பது அந்தச் சில சதவீதத்துக்குத்தான்.

இன்றைய இன்ஜினின் ஹெட் (மேல்பாகம்) அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் (இன்ஜினின் உடல்) சிலதில் வார்ப்பிரும்பு, சிலதில் அதுவும் அலுமினியம், நடுவில் எஃகு ஆணிகள், பழைய வண்டிகளில் செம்பும் ஈயப் பற்றும் வேறு. இத்தனை உலோகங்களையும் ஒரே நீரில் 90 டிகிரி சூட்டில் வருஷக்கணக்காக ஊற வைத்தால் பேட்டரியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும், ஒரு உலோகம் மற்றதற்காகக் கரையும். கரைவது பெரும்பாலும் அலுமினியம். மருந்து இருந்தால் உலோகத்தின் மேல் மெல்லிய படலம் ஒன்று நின்று அதைத் தடுக்கும். வெறும் தண்ணீரில் அந்தப் படலம் இல்லை.

தண்ணீர் பக்கமும் நியாயம் இருக்கிறது

தண்ணீர்தான் நன்றாகக் குளிர்விக்கும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும், பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் அது சுமார் 3.4-க்கு இறங்கிவிடும். அதாவது அதே அளவு கலவை குறைவான சூட்டைத்தான் சுமந்து போகும். சூடு கடத்துவதிலும் தண்ணீரே மேல். அதனால்தான் ரேஸ் டிராக்கில் ஓடும் பைக்குகளில் தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும் மட்டும் ஊற்றுகிறார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கிளைக்கால் தரையில் கொட்டினால் எண்ணெய் போல வழுக்கும், லேசில் காயாது, பின்னால் வருபவர் விழுவார். அதனாலேயே பல டிராக்குகளில் அதற்குத் தடை.

கொதிநிலையில் கிளைக்கால் முந்துகிறது என்பார்கள், எவ்வளவு என்று பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 50:50 கலவை 106, 107-ல். ஆறேழு டிகிரிதான் லாபம். ஆனால் ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட 1.1 பார் (அழுத்த அளவு) கூடுதலாகப் பிடித்து வைத்தால், வெறும் தண்ணீரே சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது! இருபது டிகிரியைக் கொடுப்பது அந்தச் சின்ன மூடி. அதன் ரப்பர் இறுகி வெடித்துப்போனால் எத்தனை விலை உயர்ந்த கூலண்ட் ஊற்றியும் பயனில்லை. மலேசியாவின் கெந்திங் மலை ஏறுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழு ஆள் ஏற்றிக்கொண்டு, ஏர்கோன் போட்டுக்கொண்டு, கெட்டுப்போன மூடியோடும் வெறும் தண்ணீரோடும் அந்த வளைவுகளில் ஏறும் வண்டி ஓரமாக நின்று ஆவி விடுவது இதனால்தான்.

ஆகவே நான் சொல்வது இது: நம் ஊர்த் தினசரி வண்டிக்குக் கூலண்ட்தான் வேண்டும், குளிர்விக்க அல்ல, உலோகத்தைக் காக்க. குளிர்விக்கும் வேலையைப் பெரும்பாலும் தண்ணீரே செய்கிறது. அதனால் ரொம்பக் கெட்டியாகக் கலக்கவும் தேவையில்லை. 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 30-க்குக் கீழே போனால் மருந்து நீர்த்துவிடும். நான் 40 வைக்கிறேன். வண்டியின் கையேடு 50 என்று கட்டாயமாகச் சொன்னால் 50. தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டையே முழுக்க நிரப்புவது தப்பு, கெட்டியாக ஓடும், சூட்டைச் சரியாக எடுக்காது, கொதிநிலைக்காக அது தேவையும் இல்லை.

எந்தக் கூலண்ட்?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, சிவப்பு எல்லாம் சாயம்தான், எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று பொதுவான விதி கிடையாது. டொயோட்டாவின் இளஞ்சிவப்பும் ஒரு ஜெர்மன் வண்டிக்கான இளஞ்சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு.

ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஆர்கானிக் அமிலத்தோடு பாஸ்பேட் சேர்த்த வகையைக் கேட்கின்றன, சிலிக்கேட் வேண்டாம் என்கின்றன, அது பம்ப் சீலைத் தேய்க்கும் என்று. ஐரோப்பிய நிறுவனங்கள் இதற்கு நேர்மாறு. அங்கே குழாய்த் தண்ணீர் கடினம், பாஸ்பேட் அதோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும், அதனால் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிக்கேட் சேர்க்கிறார்கள். கையேட்டில் என்ன வகை என்று பார்த்து, பாட்டிலின் பின்பக்கத்தில் அதே வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை, வகை பொருந்தினால் போதும்.

இரண்டு வகையைக் கலப்பதுதான் நான் அதிகம் பயப்படுவது. சில சேர்க்கைகள் ஒன்றும் செய்யாது, சில சேர்க்கைகள் மருந்தின் ஆயுளைக் குறைக்கும், மோசமானவை கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பழைய வண்டி வாங்கினீர்களா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? முழுவதும் வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பெரிய டீசல் லாரி ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் தனி லைனர் (உள்குழாய்) போட்ட இன்ஜின்களில் லைனர் அதிர்ந்து, அதன் வெளிப்பக்கத்தில் நுண்குமிழிகள் உண்டாகி உடையும். உடையும் ஒவ்வொரு முறையும் இரும்பில் ஊசி குத்திய மாதிரி குழி விழும், ஒருநாள் ஓட்டையாகித் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். அதற்கான மருந்து சேர்த்த ஹெவி டியூட்டி கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். கார் கூலண்ட் ஆகாது, வெறும் தண்ணீர் ஆகவே ஆகாது. ஹைபிரிட் வண்டி என்றால் பலவற்றில் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிச் சுற்றும் தனி டேங்கும் இருக்கும், அதில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் விடாதீர்கள். மின்சார வண்டிக்கு மின்கடத்தல் குறைந்த தனிக் கூலண்ட் உண்டு, அதை விவரம் தெரிந்த வொர்க்‌ஷாப்பிடமே விடுங்கள்.

கலக்கும் தண்ணீர்

நம் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையான தண்ணீர், கடினமும் அதிகமில்லை. ஆனாலும் குளோரமின் போட்டுத்தான் வருகிறது, கொஞ்சம் உப்புகளும் கரைந்திருக்கும். ஒரு முறை ஊற்றி அப்படியே விட்டால் பெரிய கேடு வராது. வாரா வாரம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மாமா வேனில் நடந்தது இதுதான். பெட்ரோல் நிலையத்திலும் ஹார்ட்வேர் கடையிலும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஏர்கோன் குழாயில் சொட்டும் தண்ணீரும் சுத்தம்தானே என்று சிலர் பிடித்து வைக்கிறார்கள், வேண்டாம். அது செம்புக் குழாயையும் தூசியையும் தொட்டுக்கொண்டு வருகிறது, கொஞ்சம் செம்பு கரைந்து வந்தாலும் அலுமினியத்துக்கு ஆகாது.

இனி வேலை

எங்கே செய்வது? வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கார் நிறுத்துமிடத்தில் வடிக்கும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குக் காக்கி புக்கிட்டில் மாமாவுக்குப் பழக்கமான வொர்க்‌ஷாப்பில் ஓரமாக இடம் கொடுத்தார்கள். இடமே கிடைக்காவிட்டால் கூலண்டையும் தண்ணீரையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். கீழே வரும் கணக்கு அப்போதும் உதவும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள், காலையில் எடுக்காத வண்டி என்றால் இன்னும் நல்லது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே 110 டிகிரியில் அடங்கிக் கிடந்தது ஒரே நொடியில் ஆவியாகி முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். ஹைபிரிட்டாக இருந்தால் வண்டியை முழுவதும் அணைத்து, சாவியைத் தள்ளி வையுங்கள். இன்ஜினோ விசிறியோ தானாகக் கிளம்பலாம், கை நடுவில் இருக்கும்.

மூடியைத் திறந்ததும் வடிக்க அவசரப்படாமல் ஒரு பார்வை பாருங்கள். மூடியின் உள்பக்க ரப்பர் நெகிழ்வாக இருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா? சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள், அழுத்த எண் பழையதில் உள்ளதாகவே இருக்கட்டும். ஹோஸ்களை விரலால் அமுக்குங்கள். ஊதியிருந்தாலோ, அமுக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ அதுவும் போகட்டும். பம்பின் அடியிலும் ஹோஸ் கிளிப் ஓரங்களிலும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பொருக்கு போல ஏதாவது படிந்திருந்தால் அங்கே கூலண்ட் ஒழுகிக் காய்கிறது என்று அர்த்தம். கூலண்ட் ஊற்றுவதில் இந்த லாபமும் உண்டு, தண்ணீர் ஒழுகினால் பல நேரம் தடமே இருக்காது. ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போயிருக்கலாம். கூலண்ட் மாற்றும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் கவனியுங்கள்.

அப்புறம் ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து அகலமான தட்டில் வடியுங்கள். பிளாஸ்டிக் திருகு, பலம் போட்டால் உடையும். ரிசர்வ் டேங்கையும் கழற்றிக் கொட்டிக் கழுவுங்கள், சகதி அங்கேதான் அதிகம் இருக்கும். வடிந்ததை எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், இந்த எண் இல்லாமல் கணக்கு போட முடியாது.

வடிந்தது தெளிவாக இருந்தால் ஒரு முறை கழுவினால் போதும். பழுப்பாக இருந்தால், திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இரண்டும் சூடாகும்வரை காத்திருங்கள், அப்போதுதான் தெர்மோஸ்டாட் (சூடானதும் வழிவிடும் வால்வு) திறந்து பிளாக்கில் இருப்பதும் கலந்து வரும். ஆறவிட்டு வடியுங்கள். மாமா வேனுக்கு நான்கு முறை ஆனது, காலையில் தொடங்கியது மாலை ஐந்து மணிக்கு முடிந்தது, நான்காவதில்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடலாம் அல்லது கோணலாகலாம்.

இப்போது கணக்கு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும் என்று கையேடு சொல்கிறது. வடிந்தது 3.5 லிட்டர். அப்படியானால் பிளாக்குக்குள்ளே 2.5 லிட்டர் இன்னும் நிற்கிறது, கழுவிய பிறகு அது வெறும் தண்ணீர். 50 சதவீத ரெடிமிக்ஸ் (முன்பே தண்ணீர் கலந்தது) பாட்டிலை வாங்கி 3.5 லிட்டர் ஊற்றினால் உள்ளே போன கிளைக்கால் 1.75 லிட்டர்தான், ஆறில் 1.75 என்றால் 29 சதவீதம். ரெடிமிக்ஸே 33 சதவீதமாக இருந்தால் கடைசியில் கிடைப்பது 19 சதவீதம்! பாட்டிலில் எழுதியதை நம்பி ஊற்றியவர் ஏமாந்தது தெரியாமலே வண்டி ஓட்டுவார். ஆகவே தண்ணீரால் கழுவினீர்கள் என்றால் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். 40 சதவீதம் வேண்டுமா, 6 லிட்டரில் 40 சதவீதம் 2.4 லிட்டர். அந்த 2.4 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்சம் 1.1 லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஓடும்போது தானே கலந்துவிடும். 50 வேண்டுமென்றால் 3 லிட்டர் கான்சன்ட்ரேட், அரை லிட்டர் தண்ணீர். கழுவாமல் ஒரே வகையை வடித்து மாற்றுகிறீர்கள் என்றால் ரெடிமிக்ஸ் போதும்.

ஊற்றும்போது மெதுவாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் காற்று உள்ளே சிக்கும். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வழியும்போது மூடுங்கள். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸ்களை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள், பளக் பளக்கென்று குமிழி வந்து மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, அப்போது அந்த வேலை மிச்சம். மட்டம் அசையாமல் நின்று கூலண்ட் சூடேறிப் பொங்கி வரும் முன்பே மூடியைப் போட்டுவிடுங்கள், விசிறி இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். மின்சார வாட்டர் பம்ப் உள்ள வண்டிகளில் காற்றை வெளியேற்ற ஸ்கேனர் கருவி தேவைப்படலாம், அதை வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவது நல்லது.

முடிந்ததும் ரிஃப்ராக்டோமீட்டர் (கலவையின் கெட்டியை அளக்கும் சின்னக் கருவி) கிடைத்தால் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அது உறைநிலையைக் காட்டும். நமக்கு உறைநிலை முக்கியமில்லை, ஆனால் அதிலிருந்து சதவீதம் தெரியும்: மைனஸ் 37-க்கு அருகே காட்டினால் 50 சதவீதம், மைனஸ் 15, 16 என்றால் சுமார் 30.

வழியில் சூடேறினால்

டேஷ்போர்டு முள் நடுவில் நிற்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், அது அசைந்தால் விஷயம் முற்றிவிட்டது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முள் ஏறினால் உடனே ஏர்கோனை நிறுத்துங்கள், முடிந்தவரை ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போகும், அதனால் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டாதீர்கள். அந்த ரெண்டு கிலோமீட்டர்தான் ஹெட்டைக் கோணலாக்கும். இன்ஜின் ஆறிய பிறகு கையில் இருக்கும் குடிதண்ணீர் பாட்டிலைத் தயங்காமல் ஊற்றுங்கள். அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரும் சரி, வீடு சேர்ந்த பிறகு சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

வடித்த பழையதை என்ன செய்வது

தயவுசெய்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள். இங்கே மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு, தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்பிடிப்புப் பகுதி. புளோக்குக்குக் கீழே ஊற்றுவது மரினா நீர்த்தேக்கத்துக்கோ வேறொன்றுக்கோ போய்ச் சேரும், திரும்ப நம் குழாய்க்கே வரும் தண்ணீர் அது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், பூனையும் நாயும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே என்னவென்று எழுதி, வொர்க்‌ஷாப்பில் கொடுத்து முறையாக அகற்றச் சொல்லுங்கள். தரையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். கூலண்டைக் குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைக்கவே கூடாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? ஆர்கானிக் அமிலம் இல்லாத பழைய வகை (வழக்கமாகப் பச்சை) இரண்டு வருஷம், ஆர்கானிக் அமில வகைகள் பொதுவாக ஐந்து வருஷம். டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் முதல் முறை 160,000 கிலோமீட்டர், அதன் பிறகு ஒவ்வொரு 80,000-க்கும். நாள் முழுக்க வாடகை வண்டியும் டெலிவரி வேனும் ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், வருஷக் கணக்கு உங்களுக்குப் பத்தாது.

மாற்றிய மறுநாளிலிருந்து ஒரு வாரம், காலையில் வண்டி எடுக்கும் முன்பு ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி முதல் இரண்டு நாளில் மட்டம் கொஞ்சம் இறங்கும், நிரப்பிவிடுங்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் கூலண்டின் வகை, சதவீதம், தேதி, கிலோமீட்டர் எழுதி டேங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மாமா தன் வேனில் தமிழில் ஒன்று, பக்கத்துக் கடை அங்கிள் சீனத்தில் எழுதிக் கொடுத்தது ஒன்று என்று இரண்டு ஒட்டியிருக்கிறார், எந்த வொர்க்‌ஷாப்பில் யார் மூடியைத் திறந்தாலும் குழாயைத் தேடிப் போகாமல் இருக்க.